நிலையான முகவரி வழங்குதல் – தொடர்பாக

என் மகள் எனக்குப் போன் செய்வதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நானே மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டு ஒழித்தேன். முப்பத்து நான்கு வருட அரசுப் பணியில் இவ்வளவு முழுமையாகப் பலன் தந்த மனு வேறெதையும் நான் எழுதியதில்லை.

மந்தைவெளியில் ஒரு மூன்றாவது மாடியில் இருக்கிறேன். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் தொலைபேசிக்கென்று ஒரு நடைமுறை உண்டு. பல வீடுகளில் உண்டு என்றுதான் நினைக்கிறேன். மணி அடித்தால் நான் எடுப்பேன்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா."

"கொழந்தை நன்னா இருக்கானா?"

"இருக்கான்ப்பா."

"இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு மணி நேரம் மனைவி பேசுவாள். நான் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவேன். இதைப் பாசக்குறைவு என்று யாரும் சொன்னதில்லை. அலுவலகத்தில் தபால் பிரிவு செய்வதும் இதைத்தான். வந்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டும், உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பிரித்துப் படிப்பது தபால் பிரிவின் வேலை இல்லை.

மனைவி போனபின் அனுப்புவதற்குப் பிரிவு இல்லாமல் போயிற்று. முதல் சில மாதங்கள் மகள் ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். சாப்பாடு ஆயிற்று, குழந்தையும் ஆயிற்று. ஒருமுறை பழக்க தோஷத்தில் "இரு" என்று ஆரம்பித்துவிட்டு நின்றேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்கோங்கோ" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறுகள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாயின. பிறகு பண்டிகைகள் மட்டும் மிஞ்சின.

என் மனைவி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டு சொல்லிக் கொடுத்தவள். அன்றைக்கு வராத குழந்தை மறுநாள் கேட்டுக்கொள்ளட்டும் என்று வகுப்பை அப்படியே கேசட்டில் பிடித்து வைப்பாள். அப்படி நாற்பத்து மூன்று கேசட்டுகள் அலமாரியில் இருந்தன. அவள் போன வருடத்து மழைக்காலத்தில், வெளியே போக முடியாத நாட்களில், ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன். கேசட் எண், பக்கம், நிமிடம், பொருள். பொருள் என்ற இடத்தில் ராகத்தைவிடத் திட்டுதான் அதிகம். "தாளம் எங்க போறது? பஸ் ஸ்டாண்டுக்கா?" என்கிறாள் ஓரிடத்தில். குக்கர் விசில் எல்லா கேசட்டிலும் வருகிறது, சுருதியில் சேராமல்.

இதையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, அந்தப் பெட்டியை இணைய இணைப்பின் ரௌட்டரோடு சேர்த்துக் கூடத்து அலமாரியில் வைத்தேன். மகள் அங்கிருந்தபடியே இதைத் திறந்து கேட்கலாம். எங்கேயாவது ஏற்றிவிட்டால் போதுமே என்று மாப்பிள்ளை சொன்னார். ஊர் பேர் தெரியாத நிறுவனத்தின் கிடங்கில் அவள் குரலைக் கொண்டுபோய் வைக்க நான் ஒப்பவில்லை. கேட்க வேண்டியவர்கள் இங்கே வந்து கேட்கட்டும், கம்பி வழியாகவாவது.

வருவதற்கு முகவரி வேண்டும். இங்கேதான் சங்கதி ஆரம்பிக்கிறது. நம் வீட்டு இணைப்புக்கு, கதவு எண்ணைப்போல, ஒரு எண் உண்டு. நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். சாதாரண வீட்டு இணைப்பில் அது நம்முடையது இல்லை. ரௌட்டர் அணைந்து எரிந்தால், நிறுவனம் அந்த நேரத்தில் கையில் காலியாக இருக்கிற வேறு எண்ணைக் கொடுத்துவிடும். நேற்று நம்முடையதாக இருந்தது இன்று வேளச்சேரியில் யாரிடமோ இருக்கும். படம் பார்ப்பவனுக்கும் செய்தி படிப்பவனுக்கும் இதனால் ஒன்றும் குறையாது. வெளியிலிருந்து நம் வீட்டைத் தேடி வருகிறவருக்குத்தான் கஷ்டம். பழைய எண்ணோடு வந்து தட்டினால் கதவு இருக்காது.

எனவே மின்சாரம் போய் வந்த நாட்களில், மதியம் ஒன்றரை மணிக்கு, அதாவது மெல்போர்னில் சாயங்காலச் சமையல் நேரத்தில், போன் வரும்.

"அப்பா, நம்பர் மாறிடுத்து போலருக்கு. கனெக்ட் ஆகமாட்டேங்கறது."

"இரு, பாத்துச் சொல்றேன்."

கம்ப்யூட்டரைத் திறந்து, எண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். சரிபார்க்காமல் எந்த எண்ணும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அவள் அலுத்துக்கொண்டே படிப்பாள். இதற்கு நான்கு நிமிடம் ஆகும். இந்த நான்கு நிமிடத்தில் எப்படியோ வேறு பேச்சும் வந்துவிடும். இன்றைக்கு என்ன குழம்பு, மாடவீதியில் கத்தரிக்காய் நன்றாக இருக்கிறதா, கீழ் வீட்டு மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா. எண்ணைப் படிக்கிற சாக்கில் நான் ஒருமுறை இருபது நிமிடம் பேசியிருக்கிறேன். என் வாழ்நாளில் அது சாதனை.

அந்த வருடம் எங்கள் தெருவில் கேபிள் மாற்றுகிறேன் என்று மின்வாரியம் அடிக்கடி மின்சாரத்தை நிறுத்திப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தது. தெருவே திட்டியது. நானும் மற்றவர்களோடு நின்று திட்டினேன். என் திட்டில் வலுவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் எண்ணை எழுதி முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டியிருக்குப்பா."

இதை நான் வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் என் காதில் விழுந்தது ஒரு குறை. குறை என்றால் தீர்க்க வேண்டும், அதுவும் உரிய காலத்துக்குள். அன்று மாலையே உட்கார்ந்து விசாரித்தேன். மாறாத எண் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்தது. ஸ்டாட்டிக் என்கிறார்கள். எத்தனை முறை அணைந்து எரிந்தாலும் அதே எண்தான். கைப்பேசியில் இரண்டு இடத்தில் தொட்டால் கேட்டுவிடலாமாம். எழுத்தில் இல்லாத கோரிக்கை கோரிக்கையே இல்லை என்பது என் கட்சி. ஆகவே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வைத்து, நல்ல தமிழில். 'பொருள்: வீட்டு இணைய இணைப்பு – நிலையான முகவரி வழங்குதல் – தொடர்பாக.'

அந்த நிறுவனத்தின் அலுவலகம் தி.நகரில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு பாத்திரக்கடைக்கும் நடுவில் இருக்கும் மாடிப்படியில் ஏறினால் வரும். பையும் குழந்தையுமாக இறங்கி வருகிற கூட்டத்தை எதிர்த்து நடந்து போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மனுவை இரண்டு முறை படித்தாள்.

"சார், இப்ப இருக்கறது டெம்ப்ரவரிதானே?"

"ஆமாம். மாறிக்கொண்டே இருக்கிறது."

"பர்மனென்ட் வேணும். அப்படித்தானே?"

"அதேதான்."

"ஒரு வாரத்துல ஆள் வருவாங்க சார்."

ஒப்புகைச் சீட்டு கேட்டேன். அவள் கேள்விப்பட்டதில்லை. மனுவின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் போடச் சொன்னேன். முத்திரை தேடிப் போனவள் பத்து நிமிடம் கழித்து வந்தாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

நான்காவது நாள் இணைப்பு செத்துவிட்டது. ஐந்தாவது நாள் ஏணியோடு ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரை, தோளில் கம்பிச் சுருள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா சார், சாமான்லாம் அப்டியே கீது? எப்ப காலி பண்றீங்க?"

"யார் காலி செய்வது?"

"நீங்கதான். ஷிப்டிங்னு போட்டுக்கீது. நெலையான அட்ரஸுக்கு மாத்தணும்னு எழுதிக் குட்துகிறீங்களே. லைன நேத்தே கட் பண்ட்டாங்க. புது வூடு எங்க கீது சார்?"

புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தப் பெண் என் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறாள். தற்காலிக முகவரியில் குடியிருக்கும் ஒரு முதியவர் நிரந்தர முகவரிக்குப் போகிறார். இணைப்பையும் கூடவே எடுத்துப் போகிறார். எந்தப் படிவத்திலும் அந்த இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும். நானே ஆயிரக்கணக்கில் சரிபார்த்தவை.

"எனக்கு அறுபத்தொன்பது வயசாகிறது" என்றேன். "நிலையான முகவரி என்றால் கிருஷ்ணாம்பேட்டைதான். இடம் தெரியும். தேதி இன்னும் வரவில்லை."

கிருஷ்ணாம்பேட்டை என்பது மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சுடுகாட்டின் பெயர். அவர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஏணி சுவரில் இடித்தது.

"ஐயே, இன்னா சார் நீ! காலங்காத்தால..."

கம்ப்யூட்டரைக் காட்டி விளக்கினேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்டாட்டிக் ஐ.பி.! இத இங்லீஷ்ல ஒரு வார்த்த எழுதியிருந்தா அன்னிக்கே முட்ஞ்சிருக்கும் சார். நீ நெலையானதுன்ட்ட, அந்தப் பொண்ணு வூட்டையே தூக்கிச்சு."

கூடத்துத் தரையில் உட்கார்ந்து அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு, அவர்கள் மறுபடி இணைக்கும்வரை காத்திருந்தார். காபி கொடுத்தேன். நான் காபி கலந்து இன்னொருவருக்குக் கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க நினைத்து, விட்டுவிட்டேன்.

"சிம்பிள் சார்" என்றார் ஆற்றிக்கொண்டே. "டைனமிக்னா வாடக வூடு. ஹவுஸ் ஓனர் எப்ப சொன்னாலும் வேற போர்ஷனுக்குப் போணும். ஸ்டாட்டிக்னா சொந்த வூடு மாதிரி."

"சொந்தம் இல்லை. அதுவும் அவர்களுடையதுதான். காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்."

"அத்த சொல்லு. சொந்த வூட்லயே சொல்றான்." கப்பைக் கீழே வைத்தார். "எங்க வூடு இங்கதான் சார் இருந்துது, பின்னால, ஆத்தாங்கரைல. இப்ப ஊருக்கு வெளிய கீறோம், ரெண்டு பஸ்ஸு. ஆதார்ல இன்னும் பழைய அட்ரஸ்தான் கீது. அங்க வூடும் இல்ல, தெருவும் இல்ல. எதுனா லெட்டர் வந்தா அங்கதான் போவும்."

"அதை மாற்ற ஒரு படிவம் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கும் சார்" என்றார். நான் கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று சாயங்காலமே நிலையான எண் வந்துவிட்டது. இணைப்பில்லாத அந்த இரண்டு நாளும் மகள் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டிருந்தாள். மூன்றாவது நாளும் கூப்பிட்டாள். எண்ணைச் சொன்னேன். "இனிமே மாறாது" என்றேன், பணி ஆணையை நீட்டுகிறவன்போல.

"சூப்பர்ப்பா! ஒங்களுக்கு இனிமே சிரமமே இல்ல."

திருப்பிப் படிக்கச் சொன்னேன். படித்தாள். அதுதான் கடைசி.

ஹார்டு டிஸ்க் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. யாராவது உள்ளே வந்து எதையாவது எடுத்தால் அது சிமிட்டும். ஒன்றரை மணிக்கு அது சிமிட்ட ஆரம்பிக்கும். மெல்போர்னில் ஒரு சமையலறையில் என் மனைவி தாளத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். இங்கே கூடத்தில் சத்தம் இல்லை. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். போன் பக்கத்திலேயே இருக்கும். மின்சாரம் போகும், வரும். எண் மாறாது. ஒரு மணி நேரம் சிமிட்டிவிட்டு விளக்கு நிற்கும். நான் எழுந்து போய்ப் படுப்பேன்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்' என்று இத்தனை வருடம் நான் கையால் செய்ததை இப்போது ரௌட்டர் செய்கிறது. என்னைவிட வேகமாக. சாப்பிட்டாயா என்றுகூட அது கேட்பதில்லை.

நானே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவருக்கு எங்கள் வீட்டு நடைமுறை இன்னும் பிடிபடவில்லை. நான் எடுப்பவன். எண்ணைப் போட்டுக் கூப்பிடுவது எப்போதும் என் மனைவி. மகளின் எண்ணை நான் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. காரணம் இல்லாமல் கூப்பிட்டு என்ன சொல்வது? காரணத்தைத்தான் நிரந்தரமாகத் தீர்த்தாயிற்றே.

இரண்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விளக்கு காலையில் சிமிட்ட ஆரம்பித்துச் சாயங்காலம்வரை நிற்கவில்லை. நாள் முழுக்க அம்மாவைக் கேட்கிறாளே, என்ன வருத்தமோ என்று கவலையாக இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடக்கப் போவதாக இருந்தவன் போகவில்லை. மறுநாள் விளக்கு சிமிட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தேன். அதே மனிதர் அதே ஏணியோடு வந்தார்.

"லைன் சூப்பரா கீது சார். யாரும் வரலன்னா லைட்டு இன்னா பண்ணும்?"

"சரி. இந்த ஸ்டாட்டிக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழையபடி மாறுகிற எண்ணே போதும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு இதுக்கா அவ்ளோ சண்ட போட்டேன்? சரி வுடு. நம்பர் மாறுனாலும் கஷ்டமில்லாத ஒரு வழி கீது சார். ஒரு பேரு வச்சிக்கலாம். நம்பர் மாறுனா அதுவே போய்ச் சொல்லிடும். யாரும் யாருக்கும் போன் பண்ணத் தேவையே இல்ல."

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கம்பியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, அலமாரியையும் அதன் எதிரே போட்டிருந்த ஒற்றை நாற்காலியையும் பார்த்தார்.

திருப்பிக் கொடுப்பதற்கான படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. போதிய காரணம் காட்டப்படவில்லை என்று எழுதி நான் திருப்பி அனுப்பிய மனுக்கள் ஒரு வண்டி தேறும். நான் 'தேவை இல்லை' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் என்னைப்போல ஒருவர் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

எண் மாறியது. ஒன்றரை மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். வரவில்லை. மறுநாள் ரௌட்டரை நானே அணைத்துப் போட்டேன், எண் இன்னொரு தரம் மாறட்டும் என்று, ஏற்கெனவே தப்பான எண்ணை இன்னும் தப்பாக்கிவிட்டால் மணி அடிக்கும் என்பதுபோல. பத்து நாள் இப்படிப் போயிற்று.

பதினோராவது நாள் நான் அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா? யாராவது பக்கத்துல இருக்காளா?"

நான் கூப்பிட்டால் அவளுக்கு வேறென்ன தோன்றும்?

"ஒண்ணுமில்ல. நம்பர் மாறிடுத்து. சொல்லலாம்னு."

"மாறாதுன்னு சொன்னேளே?"

"மாறிடுத்து."

"அச்சச்சோ, அது இப்ப வேண்டாம்ப்பா. நான் எல்லாத்தையும் எறக்கி வச்சுண்டுட்டேனே. ஒரு சனிக்கிழமை பூரா ஓடித்து. இப்ப கார்லகூட அம்மாதான்."

நாள் முழுக்கச் சிமிட்டிய விளக்கு நினைவுக்கு வந்தது. "நல்லதாப் போச்சு" என்றேன். நடைமுறைப்படி இதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. வைத்துவிடுவதா என்று தெரியாமல் காதிலேயே வைத்திருந்தேன். அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறாள்.

"அப்பா, இருபத்தேழாவது கேசட்டுல நீங்க இருக்கேள், தெரியுமோ? வாசல்ல மணி அடிக்கறது. அம்மா யாருன்னு பாருங்கோங்கறா. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து, 'யாரும் இல்ல'ங்கறேள். நாப்பத்து மூணு கேசட்டுலயும் ஒங்க குரல் அது ஒண்ணுதான்."

"தெரியும். ரெண்டாவது பக்கம், பதினெட்டாவது நிமிஷம்."

"லிஸ்ட்ல அதுக்கு நேரா 'இடையூறு'ன்னு போட்டிருக்கேள்."

"வேற என்ன போடறது? பாட்டு நின்னுடுத்தே."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டதுபோல இருந்தது. அங்கே அப்போது குளிர்காலம்.

"சரி, சொல்லுங்கோ. எழுதிக்கறேன்."

"எதை?"

"நம்பரத்தான். பேனா எடுத்துண்டுட்டேன்."

"அதுதான் வேண்டாம்னியே."

"இருக்கட்டும்ப்பா. சொல்லுங்கோ."

கம்ப்யூட்டரைத் திறந்து, எண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முதல் எண், புள்ளி. இரண்டாவது எண், புள்ளி. திருப்பிப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் அவளே படித்தாள். மூன்றாவதில் ஒரு இலக்கம் தப்பு. திருத்தினேன். முதலிலிருந்து மறுபடி படித்தாள். என்ன குழம்பு என்று கேட்டாள். மோர்க்குழம்பு என்றேன். என்ன காய் போட்டேள் என்று கேட்டாள்.

"இது எப்பப்பா மறுபடி மாறும்?"

"அது நம்ம கைல இல்ல. கரண்ட் போய் வந்தா மாறும்."

"அங்க அடிக்கடி போறதா?"

"போறது" என்றேன்.

பள்ளங்களை மூடிவிட்டுப் போய் நாளாகியிருந்தது. அந்த மாதம் மந்தைவெளியில் ஒரு நாள்கூட மின்சாரம் போகவில்லை.